வாள் பிடிச்ச அம்மிணியும் லாடக்கார மாப்பிள்ளையும்: காதல் எங்கே சறுக்குது?

பல்லடம் பேனாக்காரன்:

வணக்கமுங்க. குறுநாவல் ஒண்ணு எழுதிட்டிருக்கறன். 16 அத்தியாயம், ஏறக்குறைய 25,000 சொல். 1801ல தொடங்குது. தீரன் சின்னமலை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோட மோதற காலம். ஆனா கதை அவரைப் பத்தினது இல்லீங்க, அவரு பேச்சுல மட்டும்தான் வருவாரு. நாயகி வேலாத்தாள், முழுக் கற்பனை. காங்கேயம் பக்கம் ஒரு பாளையத்துல முப்பது குதிரைக்குத் தலைவி. நாயகன் சென்னியப்பன், நொய்யல் கரையில மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் கட்டறவன். சண்டை தெரியாது, கதை முடியற வரைக்கும் கத்துக்கப் போறதும் இல்லை. அதுல நான் உறுதியா இருக்கறன்.

வரைவைப் படிச்சவங்க சொல்ற குறை இதுதானுங்க. முதல் பாதி பூரா அவ சண்டை போடறா, இவன் வாயைப் பொளந்துட்டுப் பாத்துட்டே நிக்கறான். 9ஆம் அத்தியாயத்துல அரச்சலூர் போற வழியில எதிரிங்க பதுங்கியிருந்து தாக்கறாங்க, வேலாத்தா குதிரையில இருந்து விழறா, இவன் சம்மட்டியோட ஓடி வந்து காப்பாத்தறான். அந்த எடத்துல எல்லாருமே சிரிச்சுப் போட்டாங்க. 12ல கல்யாணம். அதுக்கப்பறம் நாலு அத்தியாயமும் அடுப்படியிலயே சுத்துது. எல்லாத்துக்கும் மேல ஒரு கேள்வி: அவ எதுக்குங்க இவனை விரும்போணும்? "நல்லவன்"னா பத்தாதுங்கறாங்க. நியாயந்தான்.

எங்க பிரிச்சு எங்க கட்டறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. கதைக்கு வெளிய இருக்கற பாராட்டெல்லாம் வேண்டாமுங்க.

பழைய ஏடு:

கல்யாணத்துக்குப் பிந்தைய அடுப்படியிலிருந்தே தொடங்குகிறேன். நம்மிடம் ரொம்பக் காலமாக இருக்கிற பழுது அது. மதுரை மீனாட்சியான தடாதகைப் பிராட்டி எட்டுத் திக்கும் வென்று கயிலாயம் வரை படை கொண்டுபோகிறாள், சிவகணங்களையே அடிக்கிறாள். சிவனைக் கண்டதும் மூன்றாவது முலை மறைகிறது, நாணம் வருகிறது, அடுத்தது திருமணம். புராணத்துக்கு அது சரி. அவள் அம்பிகை, அவன் இறைவன். அதே வார்ப்பில் ஒரு லாடக்காரனை ஊற்றினால் தாலி ஏறிய அன்றே வாள் பரணுக்குப் போய்விடும். உங்கள் 12ஆம் அத்தியாயத்தில் நடந்திருப்பது அதுதான்.

அல்லி கதையில் வேறு கோளாறு. மதுரையை ஆள்கிற அல்லியை அர்ச்சுனனாலேயே நேர்வழியில் அடைய முடியவில்லை. கண்ணன் துணையோடு பாம்பாக உள்ளே நுழைந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டுகிறான். கூத்தில் சனம் கைதட்டும். நாவலாக எழுதினால் வாசகி அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவாள்.

இந்தக் கோளாறு முற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க ஜெர்மானியரின் நிபெலுங்கர் காவியத்துக்குப் போக வேண்டும். பிரூன்ஹில்டை மணக்க வருகிறவன் ஈட்டி எறிவது, கல் எறிவது, தாண்டுவது என்று மூன்றில் அவளை வெல்ல வேண்டும், தோற்றால் தலை போகும். குந்தர் ராஜாதான், ஆனால் அவள் பக்கத்தில் வெறும் ஆள். சீக்ஃபிரீட் மாய அங்கியைப் போர்த்திக் கண்ணுக்குத் தெரியாமல் கூட நின்று ஜெயிக்க வைக்கிறான். முதலிரவில் அவள் குந்தரைத் தன் இடைக்கச்சையாலேயே கட்டிச் சுவரில் ஆணியில் மாட்டிவிடுகிறாள். விடியும் வரை தொங்குகிறான். மறுநாள் இரவும் சீக்ஃபிரீட் மறைந்து வந்து அடக்கிக் கொடுக்க, அவள் பலம் போய்விடுகிறது. பிற்பாடு அந்த ரகசியம் வெளியே வந்துதான் சீக்ஃபிரீட் கொலையாகிறான், குலமே அழிகிறது. மோசடி செய்து ஜெயித்த கணவனை அந்தக் கவிஞர் சும்மா விடவில்லை.

மார்கோ போலோ சொல்கிற மங்கோலிய இளவரசி, கைடு கானின் மகள், இதற்கு நேர்மாறு. மல்யுத்தத்தில் தன்னை வென்றவனைத்தான் கட்டுவேன் என்கிறாள். தோற்றவன் நூறு குதிரை தர வேண்டும். பத்தாயிரம் குதிரை சேர்ந்துவிட்டது. ஒரு இளவரசன் ஆயிரம் குதிரை பந்தயம் வைத்து வந்தபோது, தோற்றுக்கொடுத்துவிடு என்று பெற்றோரே சொல்கிறார்கள். மாட்டேன் என்று அவனையும் தூக்கிப் போட்டாள்.

போட்டி என்ற வாசலை வைத்துவிட்டால் சாதாரண ஆள் நுழைய இரண்டே வழி: ஏமாற்ற வேண்டும், அல்லது அவள் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டுமே அவளைச் சின்னதாக்கும். சம்மட்டிக் காட்சி இரண்டாவது வகை. அவள் விழுந்தால்தான் இவன் நிமிர முடியும் என்று எழுதியவரே ஒப்புக்கொண்டதாக ஆகிறது. வாசகர் சிரித்தது அதற்கு.

கல்யாணத்தை 8க்கோ 9க்கோ முன்னால் நகர்த்துங்கள். வரலாறு உங்களுக்குத் தோதாக இருக்கிறது: 1801இல் காவிரிக்கரை, 1802இல் ஓடாநிலை, 1804இல் அரச்சலூர் என்று மூன்று போர்கள், 1805 ஜூலை 31இல் சங்ககிரிக் கோட்டையில் சின்னமலைக்குத் தூக்கு. கதையை 1801இல் தொடங்கி முதல் பாதியிலேயே தாலி கட்டினால், தம்பதிக்கு முன்னால் மூன்று நான்கு வருடப் போர் கிடக்கிறது. அடுப்படிக்குப் போக அவளுக்கு நேரம் ஏது?

பெண் குதிரைப்படைத் தலைவியா என்று யாராவது இழுத்தால்: வேலு நாச்சியார் 1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்து, விருப்பாச்சிப் பக்கம் தங்கிப் படை திரட்டி, 1780இல் சிவகங்கையை மீட்டவர். விருப்பாச்சி தாராபுரத்துக்குத் தெற்கே, கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் குதிரைக்குப் பெரிய தூரமும் இல்லை. 1801இல் உங்கள் சனத்துக்கு அது பழங்கதை கூட அல்ல.

கம்புக்காரன்:

மேல சொன்னது கதைப்போக்கு. நான் சண்டையையும் உடம்பையும் மட்டும் சொல்றன்.

ஒரு கை வாள் ஏறக்குறைய ஒரு கிலோ. கேக்க லேசு, முழு வேகத்துல வீசிப் பாத்தா ரெண்டு நிமிசத்துல மூச்சு வாங்கும், முன்னங்கை கல்லாயிரும். தெரிஞ்சவங்க ரெண்டு பேரு மோதினா சில விநாடியில ஒருத்தருக்கு வெட்டு விழுந்துரும். அரை மணி நேரம் வாள் மோதற சத்தம் கேக்கறதெல்லாம் சினிமாவுக்கு. சண்டைக்கு 300 சொல் கொடுங்க, சண்டை முடிஞ்சப்பறம் நடக்கறதுக்கு 900 கொடுங்க. உங்க காதல் அந்த 900லதான் இருக்குது.

சண்டை முடிஞ்ச உடம்பு இப்படி இருக்கும்: விரல் நடுங்கும், பிடிச்ச பிடி சீக்கிரம் விடாது, வேர்வை குளுந்து போகும், நாக்கு ஒட்டிக்கும். செத்த நேரம் கழிச்சு அகோரப் பசி, அதுக்கப்பறம் அடிச்சுப் போட்ட மாதிரித் தூக்கம். பயந்தவளுக்குத்தான் நடுங்கும்னு இல்லை, ஜெயிச்சவளுக்கும் நடுங்கும். முப்பது ஆளு முன்னால அதை மறைக்கறதுதான் அவளுக்குப் பெரிய பாடு. இப்ப சென்னியப்பனை உள்ள விடுங்க. அவன் சொம்புல பாதிதான் தண்ணி ஊத்தறான். நெறைய ஊத்தினா நடுங்கற கையில தளும்பும், மத்தவங்க பாத்துருவாங்க. ஒரு வார்த்தை பேச வேண்டாம். "வாயைப் பொளந்துட்டுப் பாக்கறான்"ங்கற குறை அந்தப் பாதிச் சொம்புலயே போயிரும். பாக்கறது தப்பில்லைங்க, எதைப் பாக்கறான்ங்கறதுலதான் இருக்குது.

கையைச் சரியா எழுதுங்க. வாள் பிடிக்கறவளுக்கு வலது உள்ளங்கையில விரல் முளைக்கற எடத்துல காய்ப்பு, வலது முன்னங்கை இடதை விடத் தடிப்பு. சிலம்பம் சுத்தறவளா இருந்தா ரெண்டு கையிலயும் காய்ப்பு. கம்பு அவளோட புருவம் ஒசரம். "பூப்போன்ற கரம்"னு எங்கயாச்சும் எழுதியிருந்தா அடிச்சுருங்க. லாடக்காரன் கையிலயும் காய்ப்பு உண்டு, தீப்பொறி பட்ட புள்ளித் தழும்பும் உண்டு. ரெண்டு கையும் தொடற எடத்துல இதெல்லாம் வரட்டும்.

காயத்துக்குக் கணக்கு வெச்சுக்குங்க. குதிரையில இருந்து விழுந்தா முதல்ல போறது காறையெலும்பு. கூடறதுக்கு 6 முதல் 8 வாரம், அதுக்கு மேலதான் வாள் தூக்கலாம். அந்தக் காலத்து வைத்தியம் உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் கொழைச்சுப் பத்து, மூங்கில் சிம்பு வெச்சுக் கட்டு. தோள்பட்டை நழுவிச்சுன்னா ஏத்தி விட்டப்பறமும் திரும்பத் திரும்ப நழுவும், அந்தக் கையை அவ அப்பறம் நம்ப மாட்டா. முன்னங்கை வெட்டு தோல் மூடறதுக்கு ரெண்டு வாரம். நரம்பு போயிருந்தா பிடி திரும்பாது. 9ல விழுந்தவ 10ல வாள் சுழட்டக் கூடாது. நடுவுல ரெண்டு மாசம் வருதுல்லீங்க, அந்த ரெண்டு மாசம் காதலுக்குத் தோது. ஆனா அவனைத் தாதியாக்கிப் போடாதீங்க. பத்துப் போடறது வைத்தியர் சோலி.

ஊத்துக்குளி அம்மிணி:

ரெண்டு பேரும் நல்லாச் சொல்லியிருக்கீங்க. ஆனா கேட்டவரோட பெரிய கேள்வியை யாரும் தொடலையே: அவ எதுக்கு இவனை விரும்போணும்?

முதல் பாதி பூரா அவன் கண்ணுல இருந்து எழுதியிருப்பீங்க. அதனால அவ பிரமாதமாத் தெரியறா, அவன் எப்படித் தெரியறான்னே நமக்குத் தெரியலை. 3ம் 5ம் அவ கண்ணுக்கு மாத்துங்க. முப்பது பேரு "செரிங்க அம்மிணி"ன்னு தலையாட்டற எடத்துல வாழறவ அவ. அவகிட்ட "ஆகாது"ன்னு சொல்ல யாருமில்லை. சென்னியப்பன் சொல்லட்டும். வீராப்புக்குச் சொல்லாம, தொழில் தெரிஞ்சு சொல்லட்டும்:

"இந்தக் குதிரை இன்னைக்கு ஆகாதுங்க."

"போயே ஆகோணும்."

"போகுமுங்க. ஓடாநிலை வரைக்கும் போகும். திருப்பிக் கூட்டியாற முடியாதுங்க."

அவ ஒண்ணும் பேசாம எறங்கறா. அவ்வளவுதான். அடுத்த வாட்டி அவ தானா வந்து கேக்கணும், "இது போகுமா?"ன்னு. காதல் தொடங்கிருச்சுன்னு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பழைய ஏடு அண்ணன் சொன்ன வரிசையில நான் வள்ளியைச் சேப்பனுங்க. நம்மூர்ல வள்ளி கும்மி ஆடாத நோம்பியே கொறைவு. கெழவனா வந்து தேனும் தினைமாவும் வாங்கித் திங்கறது, விக்குது தண்ணி குடுன்னு கேக்கறது, அது வரைக்கும் என்ன சொகமா இருக்குது! கவண் வீசற புள்ளகிட்ட தேவைப்பட்டவனா வந்து நிக்கறான். அப்பறம் அண்ணனை யானையா வரச்சொல்லி, பயமுறுத்தி, ஓடி வந்து கட்டிக்க வெக்கறான். உங்க 9ஆம் அத்தியாயம் அந்த யானைதானுங்க. முருகனுக்கு மன்னிச்சுக்கலாம். சென்னியப்பனுக்கு முடியாது.

ஒண்ணு விட்டுட்டீங்க. 1801ல பாளையத்துப் பொண்ணு லாடக்காரனைக் கட்டறதுன்னா கம்பெனிக்கு முன்னால சொந்தக்காரங்க வருவாங்க. உரிமை மாமன் மகன்னு ஒருத்தன் இருப்பான்ல? அவன் கெட்டவனா இருக்க வேண்டாம், அவளோட முப்பது குதிரையில பத்து அவனோடதா இருந்தாப் போதும். சென்னியப்பனைக் கட்டினா பத்துக் குதிரை போயிரும். அவ குடுக்கற விலை அவளோட தொழில்லயே வந்துருது பாருங்க. கல்யாணத்துல மாப்பிள்ளையோட பொறந்தவ செய்யற இணைச்சீர் உண்டா, மங்கல வாழ்த்துப் பாட ஆள் வருவாங்களா, எது நடக்கலைன்னு ரெண்டு வரி எழுதுங்க, நம்மூர் வாசகருக்கு மீதி புரியும்.

கூப்பிடறது: அவன் அவளை "அம்மிணி", எப்பவும் "ங்க" போட்டு. அவ அவனை முதல்ல "ஏனப்பா". கல்யாணத்துக்கப்பறம் "மாமா"ன்னு மாத்தினா ஊருக்கு முன்னால மட்டும் மாத்துங்க, பட்டறைக்குள்ள பழையபடியே இருக்கட்டும். அப்பறம் அவன் வாயில பெண் விடுதலைப் பிரசங்கம் வேண்டாம். "பொண்டாட்டி வாள் பிடிக்கறா, நீ என்ன பிடிக்கறே?"ன்னு எவனாச்சும் நக்கல் அடிச்சா, "உன்ற மாட்டோட காலை"ன்னு சொல்லிட்டு வேலையைப் பாக்கட்டும். அவன் அரிசியும் பருப்புஞ் சோறு ஆக்கற காட்சி ஒருக்கா வந்தாப் போதும். ரெண்டாவது வாட்டி வந்தா நாடகம்.

பல்லடம் பேனாக்காரன்:

பெரிய உபகாரமுங்க. கல்யாணத்தை 8க்கு நகத்தறன், மாமன் மகனையும் சேத்துக்கறன். 9ல அவன் சண்டை நடக்கற எடத்துக்கே வரலைன்னு வெச்சுக்கறன். ஆனா வராம அவன் என்ன செஞ்சான்னு இருந்தாத்தானே கதை? லாடத்தொழில் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?

தொண்டுப்பட்டி:

முதல்ல சம்மட்டியை எடுத்துருங்க. அது உலைக்களத்துல இரும்பு தட்டறதுக்கு. லாடம் அடிக்கறது சின்னச் சுத்தியல், ஆளை அடிக்கப் பத்தாது.

மாட்டுக்குக் குளம்பு ரெண்டாப் பொளந்திருக்கும், அதனால காலுக்கு ரெண்டு தகடு, மாட்டுக்கு எட்டு. குதிரைக்குக் காலுக்கு ஒண்ணு, மொத்தம் நாலு. குதிரையை நிக்க வெச்சே அடிக்கலாம். பின்னால இருந்து போகக் கூடாது, தோள்பட்டைப் பக்கம் போய்க் கையை வெச்சு, எடுக்காமத் தடவிட்டே காலுக்கு எறங்கணும், பேச்சுக் குடுத்துட்டே இருக்கணும். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்ச்சு நாலு காலையும் சேத்துக் கட்டணும், கொம்பைப் பிடிக்க இன்னொரு ஆளு. குளம்பைச் சீவி மட்டம் பண்ணி, தகடு வெச்சு, ஆணி ஓரமா ஏறி வெளிப்பக்கமா வரணும். வந்த நுனியை முறிச்சு மடக்கித் தட்டணும்.

கம்பெனிப் படைக்கு மூட்டை முடிச்சு, அரிசி, பீரங்கி எல்லாம் மாடுதான் இழுத்தாகணும். உங்க கதையில அந்த மாடு சென்னியப்பன்கிட்ட வரட்டும். "40 மாட்டுக்கு மூணு நாள்ல கட்டணும்"னு ஆளு வந்து சொன்னா, 320 தகடு. இத்தனை இரும்பு எதுக்குன்னு அவனுக்குத் தெரியும். கல்லுத் தரையில போகப் போறாங்க, பாரம் கனம், மூணு நாள் கழிச்சுக் கெளம்பறாங்க. மூட்டை மாடு ஒரு நாளைக்கு 15, 20 கிலோமீட்டர்தான் நகரும், அப்ப எந்த நாள் எந்த ஊர்னு கணக்குப் போட்டறலாம். அவளுக்குத் தேவை அந்தக் கணக்கு. வாளெடுக்காம அவன் சண்டையோட முடிவை மாத்திப் போடறான், அவளும் விழ வேண்டியதில்லை.

இன்னும் முறுக்கணும்னா ஒரு வழி இருக்குது. ஆணி நூலளவு உள்ள தள்ளிப் போனா உயிர்ச்சதையில இறங்கும், குதிரை அங்கயே துள்ளிக் காட்டிக் குடுத்துரும். சதையைத் தொடாம ஒட்டிப் போனா அப்பத் தெரியாது. ஒண்ணுல இருந்து மூணு நாளுக்குள்ள நொண்டும். எதிரிக் குதிரைக்கு அப்படி அடிச்சுக் குடுன்னு வேலாத்தா கேக்கட்டும். அவன் பட்டறையில ஒரு உருப்படி நொண்டினதில்லைங்கறதுதான் அவனோட ஒரே பெருமை. ஊமைச் சீவனை நோகடிக்க அவன் மாட்டேன்னு நின்னா அவளோட ஆளுக சாவாங்க. செஞ்சா அவன் தொழில் செத்துரும். இந்த வாதம் புருசன் பொண்டாட்டிக்குள்ள நடக்கணும், 9ஆம் அத்தியாயம் அதுக்கே செரியாப் போகும்.

செய்யறான்னு முடிவு பண்ணினா, ஆணி அடிக்கற நாளை சண்டைக்கு ரெண்டு நாள் முன்னால வையுங்க. அதே நாள்ல வெச்சா ஒண்ணும் தெரியாது. அஞ்சு நாளுக்கு முன்னால வெச்சா வேற லாடக்காரன் ஆணியைப் பிடுங்கி, சூடான உப்புத்தண்ணியில குளம்பை ஊற வெச்சு, பத்துப் போட்டுச் சரி பண்ணிருவான். அப்படிப் பிடுங்கறவன் ஆணி போன வழியைப் பாத்தாலே தெரியாம அடிச்சதா, தெரிஞ்சு அடிச்சதான்னு சொல்லிருவான். அதையும் மனசுல வெச்சுக்குங்க, 10ஆம் அத்தியாயத்துல சென்னியப்பனைத் தேடி ஆளு வரணுமில்லீங்களா.